யார் கொடிக்கு யார் ரத்தம்?

2024 அக்டோபர் மாதம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவன் அடித்து வீழ்த்தப்பட்டான். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. போலீசார் கைது செய்தது பச்சையப்பன் கல்லூரி மாணவர்களை. என்ன தகராறு? வரப்புத் தகராறா? கூலித் தகராறா? எதுவும் இல்லை. உன் கல்லூரி பெரிதா, என் கல்லூரி பெரிதா என்ற தகராறு!

தியாகராய நகரத்து மாடி வீடுகளில் இதற்கு ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. "கூலிக்காரன் பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்தால் இப்படித்தான்" என்கிறார்கள் கனவான்கள். காபி ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. அவர்களுடைய பிள்ளைகள் படிக்கிற இடம் வேறு. அங்கே வாசலுக்கே கல்லூரி பஸ் வருகிறது. அரக்கோணம் லைனிலும் கும்மிடிப்பூண்டி லைனிலும் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவர்கள் நம்முடைய பிள்ளைகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். தகப்பன் செங்கல் சூளையில் இருப்பான். தாய் களை பறித்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பிள்ளைகளை நாம் தட்டிக்கொடுக்கப் போவதில்லை. கூலிக்காரன் மகன் இன்னொரு கூலிக்காரன் மகனை அடித்துக் கொன்றால் அது கொலைதான். ஆனால் இந்தப் பகை எப்படி முளைத்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அடிக்கிறவனும் நம்மவன், சாகிறவனும் நம்மவன் அல்லவா?

பஸ் தினம் என்று ஒன்று இருந்தது. வருஷத்தில் ஒரு நாள், தங்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு மாணவர்கள் மாலை போடுவார்கள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மரியாதை செய்வார்கள், மிட்டாய் கொடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், காக்கிச் சட்டை போட்ட தொழிலாளிக்குப் படித்த பிள்ளைகள் மாலை போட்ட விழா! இந்த நகரத்தில் தொழிலாளிக்கு மாலை விழுகிற சந்தர்ப்பம் அடிக்கடி வருவதா என்ன? அந்த நல்ல காரியம் எப்படி ஆயிற்று? கூரை மேல் ஏறிக் கூத்தடிப்பது, வழியை மறிப்பது, கண்ணாடியை உடைப்பது என்று ஆயிற்று. மாலை வாங்கிய டிரைவர், கல்லடி வாங்குகிற டிரைவர் ஆனார். 2011-ல் ஐகோர்ட்டு தடை போட்டது. தடை நின்றதே தவிர கூத்து நிற்கவில்லை. 2019 ஜூனில், கல்லூரி திறந்த வேளையில், பஸ் கூரையிலிருந்து பிள்ளைகள் கொத்துக் கொத்தாக ரோட்டில் விழுந்ததை நாடே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து அரிவாள் வெட்டு. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே பச்சையப்பன் கல்லூரி! ரூட்டுதான் வேறு. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு 'ரூட்டு தல'. அந்தத் தலைக்காக மற்ற தலைகள் உருள வேண்டும்.

பச்சையப்பன் கல்லூரி 1842-ல் பள்ளியாகத் தொடங்கியது. மாநிலக் கல்லூரி 1840-ல். இரண்டு வருஷ வித்தியாசம். இதில் எது பெரிது என்று நிரூபிக்க ஒருவன் சாக வேண்டுமா?

மில் தொழிலாளிக்கு இது புது விஷயம் அல்ல. பெரம்பூர் பி அண்டு சி மில்லில் 1921-ல் நடந்த வேலைநிறுத்தத்தை நம் வயோதிகர்கள் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டு ஒன்றாக நின்றவர்களைச் சாதியின் பேரால் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் தொழிலாளியின் குடிசையைத் தொழிலாளியே கொளுத்தினான். போலீஸ் சுட்டது. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் தெருவில் எதிரிகள் ஆனார்கள். லாபம் யாருக்கு? வெள்ளைக்கார பின்னி கம்பெனிக்கு. பனியனில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும், பிளவின் கணக்கு அதே கணக்குதான்.

"இது சின்னப் பையன்களின் சண்டை, இதில் முதலாளி எங்கே வந்தான்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். கல்லூரிப் பகையையே காசாக்கத் தெரிந்த தேசம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கா! அங்கே சர்வகலாசாலைகளின் கால்பந்து ஆட்டத்துக்கு லட்சம் பேர் உட்காரும் மைதானம் உண்டு. உன் கல்லூரி, என் கல்லூரி என்று தலைமுறை தலைமுறையாகக் கத்துகிறார்கள். கத்தக் கத்த டிக்கெட் விற்கிறது, டெலிவிஷன் கம்பெனி பணத்தைக் கொட்டுகிறது. 2023-ல் டெக்சாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை தன் பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கியது. நீக்கப்பட்டவருக்கு ஒப்பந்தப்படி கிடைக்க வேண்டியது 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல். நம் பணத்தில் 600 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. வேலை பார்த்ததற்கு அல்ல, பார்க்காமல் போவதற்கு! நம் மில்லில் ஆட்குறைப்பு வந்தால் கணக்கு முடிக்க எத்தனை மாதம் அலைய விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

மைதானத்தில் எலும்பு முறிகிறவனுக்கு என்ன கிடைத்தது? 1955-ல் கொலராடோவில் ரே டென்னிசன் என்ற மாணவன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தான். அவன் மனைவி, வேலையில் செத்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய நஷ்டஈட்டைக் கேட்டாள். 1957-ல் அந்த மாகாணத்து உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லையாம். ஆகவே இறந்தவன் தொழிலாளி இல்லையாம்! அந்த நாளில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 'மாணவ வீரன்' என்ற பெயரைப் பரப்பியது. தொழிலாளி என்று கோர்ட்டு சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில் பிறந்த பெயர் அது என்று, சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதிவிட்டார். நம் நாட்டில் மில்லில் கை போனவன் நஷ்டஈடு கேட்க 1923-லேயே சட்டம் வந்தது. அதிலும் முதலாளிகள் "இவன் என் ஆளே இல்லை, கான்டிராக்டர் ஆள்" என்று தப்பப் பார்த்தார்கள் அல்லவா? கடல் கடந்தாலும் வக்கீல் வாதம் ஒன்றுதான்.

அந்தப் பொய் எழுபது வருஷம் நின்றது. கடைசியில் வழக்குகள் குவிந்து, 2025 ஜூனில் ஏற்பட்ட சமரசத்தில், பழைய வீரர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 280 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். 2025-26-ம் வருஷத்துக்கு ஒரு சர்வகலாசாலை 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்குப் பங்கு தரலாம் என்று ஆயிற்று. இல்லவே இல்லை என்ற பணம் எங்கிருந்து வந்தது? டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தது. வருஷக் கடைசியில், வரப்போகும் சர்க்காரின் தொழிலாளர் வாரியம் பாதகமாகத் தீர்ப்பளித்து எல்லாருக்கும் கதவடைத்துவிடும் என்று மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அது தோல்விதான். ஆனால் அந்தப் பதின்மூன்று பேருக்குத் தாங்கள் யார் என்பது தெரிந்திருந்தது.

இங்கே அந்த வியாபாரம் இன்னும் முழுதாக வரவில்லை, நிழல் விழுந்துவிட்டது. சிறந்த விளையாட்டுச் சர்வகலாசாலைக்குத் தரும் மௌலானா ஆசாத் கோப்பை ஐம்பதுகளிலிருந்து இருக்கிறது. 2024-ம் வருஷக் கோப்பை சண்டிகர் யுனிவர்சிட்டி என்ற தனியார் ஸ்தாபனத்துக்குப் போயிற்று. வீரனுக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைத்தால் நமக்குச் சந்தோஷம். ஆனால் அவன் வாங்கிய பதக்கம் மறுநாள் சேர்க்கை விளம்பரமாகி, அந்த விளம்பரத்தின் செலவு கட்டணமாகி, கடைசியில் ஏதோ ஒரு தகப்பன் நிலத்தை விற்கிற இடத்தில் போய் முடிகிறது.

மாநிலக் கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் சேப்பாக்கம் ஸ்டேடியம் இருக்கிறது. அங்கே நடக்கும் ஐ.பி.எல். பந்தயங்களை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அங்கேயும் பகைதான் சரக்கு. இந்த ஊரா, அந்த ஊரா? ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி முதலாளிகளும் கை குலுக்கிக்கொள்கிறார்கள். பகையை விற்கிறவன் பகைத்துக்கொள்வதே இல்லை. காசு கொடுத்து மஞ்சள் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற தியாகராய நகரத்துக் கனவானுக்கு, ரூட்டு தலைக்காகக் கத்துகிற பையனைப் பார்த்தால் மட்டும் முகம் சுளிக்கிறது!

அந்தப் பையன்களுக்கு ஆட இடம் எங்கே? தியாகராய நகரில் சோமசுந்தரம் மைதானம் இருக்கிறது. மாநகராட்சி இடம்; ஜவுளிக்கடைப் பையனும் கல்லூரிப் பையனும் சேர்ந்து பந்தடிக்கிற இடம். இப்படிப்பட்ட இடங்கள் மேலும் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். மாநகராட்சி என்ன செய்தது? 2025-ல் தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் சிலவற்றைத் தனியாரிடம் விட்டு, ஆடுவதற்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. வியாசர்பாடிப் பையன் மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவான்? எதிர்ப்புக் கிளம்பியது, தீர்மானத்தைக் கைவிட்டார்கள். எந்த ரூட்டு, எந்தக் கல்லூரி என்று கேட்டுக்கொண்டா எதிர்த்தார்கள்?

ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் நாளெல்லாம் நிற்கிற பிள்ளைகளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கிடைக்கவே 2021-ல் சட்டம் வேண்டியிருந்தது. அப்படி நின்று சம்பாதித்த காசில்தான் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறாள் அக்காள். அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். விளையாட்டுக்கு என்று ஒரு தொகை போட்டிருக்கிறதா? அந்தத் தொகையை மாணவர் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்தப் பணத்தில் எத்தனை பந்து, எத்தனை வலை, எத்தனை ஜோடி பூட்ஸ் வாங்கினார்கள்? மைதானம் எத்தனை நாள் திறந்திருந்தது? அரசு கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பதில் சொல்லக் கடமைப்பட்டவை. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பச்சையப்பன் கல்லூரிக்கு ஒரு மனு, மாநிலக் கல்லூரிக்கு ஒரு மனு. இரண்டிலும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.