நூற்றுக்கு நூறு யாருடைய கணக்கு?

மே மாதம் வந்துவிட்டால் நமது நாட்டில் ஒரு பந்தயம் நடக்கின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் எந்த ஜில்லா முதலாவது, எது கடைசி, எந்தப் பள்ளிக்கூடம் நூற்றுக்கு நூறு என்று பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. இந்தப் பந்தயத்தில் விருதுநகர் ஜில்லா பல ஆண்டுகள் முதலாவதாக வந்திருக்கின்றது. இதில் நமக்கும் சந்தோஷமே. மழை பொய்க்கும் கரிசல் பூமியில், பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் கூலிக்குப் போகின்றவர்களின் பிள்ளைகள் முன்னே நிற்பதானது, படிப்பு இன்ன ஜாதிக்குத்தான் வரும் என்று சொல்லி வந்தவர்களின் வாயை அடைக்கப் போதுமானதாகும்.

ஆனால் சந்தோஷப்படுவது வேறு. கணக்குப் பார்ப்பது வேறு. 2023-ல் முதலாவதாக வந்த விருதுநகருக்கு நூற்றுக்கு 97.85, இரண்டாவதாக வந்த திருப்பூருக்கு 97.79. வித்தியாசம் பதினாயிரம் பிள்ளைகளுக்கு ஆறு பிள்ளைகளேயாகும். 2024-ல் திருப்பூர் முதலாவதாயிற்று; 2025-ல் அரியலூர் முதலாவதாயிற்று. ஒரே ஆண்டில் ஒரு ஜில்லாவுக்கு மூளை வளர்ந்து மற்றொரு ஜில்லாவுக்குத் தேய்ந்துவிடுமா?

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. இந்த விகிதாசாரமெல்லாம் பரீட்சை எழுதினவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதானே ஒழிய, படிக்க வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதல்ல. ஒரு பள்ளிக்கூடத்தில் நூறு பேர் சேர்ந்து, நாற்பது பேர் நடுவில் நின்றுபோய், மிச்சம் அறுபது பேரும் தேறினால் அதற்கு நூற்றுக்கு நூறு. மற்றொரு பள்ளிக்கூடம் நூறு பேரில் தொண்ணூறு பேரைக் கடைசிவரை கொண்டுவந்து, அவர்களில் 81 பேரைத் தேறச் செய்தால் அதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுதான். இவ்விரண்டில் எது நல்ல பள்ளிக்கூடம்? பட்டியலையே தராசாக வைத்து உபாத்தியாயர்களை நிறுத்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கிவிடுவதைவிட வெளியே அனுப்பிவிடுவதே லாபம் என்ற எண்ணம் அவர்களுக்கு உண்டாகாதா?

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இது புதிய விஷயமல்ல. சிவகாசியில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைப்பற்றி சுப்ரீம் கோர்ட்டே 1996-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பரீட்சையில் தவறின பிள்ளையாவது பட்டியலில் இருந்தது. தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளையோ பட்டியலிலேயே இல்லை. அந்நிலை இன்று பெரிதும் மாறியிருக்கின்றது. ஆனால் கணக்குப் போடும் முறை மட்டும் மாறவில்லை.

2018-ல் இந்திய சர்க்கார் முன்னேற்ற வேண்டிய ஜில்லாக்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அதில் சேர்க்கப்பட்டவை இராமநாதபுரமும் விருதுநகருமேயாகும். அதே ஆண்டில்தான் பன்னிரண்டாம் வகுப்பில் விருதுநகர் முதலாவதாக வந்தது. ஒரே ஜில்லா ஒரு பட்டியலில் தலையிலும் மற்றொன்றில் பின்தங்கினவர் வரிசையிலும் இருக்குமானால், பரீட்சை விகிதாசாரம் ஒன்றே ஒரு ஊரின் கல்வி நிலையைக் காட்டிவிடும் என்று எப்படி நம்புவது?

1903-ல் விருதுநகரில் பிறந்த காமராசர் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். இன்றைய பட்டியல் முறைப்படி அவர் தவறினவராகக்கூட எண்ணப்பட மாட்டார். அவர் முதன்மந்திரியானபோது பள்ளிக்கூடங்களைப் பெருக்கி, பகலுணவும் போடச் செய்தார். பிள்ளை ஏன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் கேள்வியாயிருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. சரியாக ஒப்பிடுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். சூலக்கரையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் இன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேறினவர்கள் எத்தனை பேர்? நின்றவர்கள் எந்த வகுப்பில், எதனால் நின்றார்கள்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? பிள்ளைக்கு ஒரு எண் கொடுத்துக் கணக்கு வைக்கும் இக்காலத்தில் இது முடியாத காரியமல்ல. இக்கணக்கை ஒவ்வொரு ஊருக்கும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். அதில் எந்த ஊர் முதலாவதாக வருகின்றதோ அந்த ஊர் உபாத்தியாயர்களுக்கு நாமே மாலை போடுவோம். அதுவரையில் நூற்றுக்கு நூறு என்று கூத்தாடுவது, விட்டுப்போன பிள்ளைகளை மறந்துவிட்டுக் கூத்தாடுவதேயாகும்.