மாரடைப்பு என்று முடித்துவிடாதீர்கள்

ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்துத் தோட்டங்களில் திடகாத்திரமான இளைஞர் தூக்கத்தில் இறந்தால் இரண்டு தீர்ப்புகள்தான்: பெரியவர்களுக்கு முனி அடி, படித்தவர்களுக்கு மாரடைப்பு. 'போனவர் போய்விட்டார், மற்றவர்களுக்கு ஈசிஜி எதற்கு?' என்ற வாதம் மட்டும் இருவருக்கும் பொது. அதைத்தான் மறுக்கிறேன்.

மாரடைப்பு ரத்தக்குழாய் அடைப்பால் வருவது. ஆனால் இப்படிப்பட்ட சாவுக்கு வேறொரு காரணமும் உண்டு: 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த நோய். அதில் குழாய் சுத்தமாக இருக்கும். கோளாறு இதயத்தின் மின்னோட்டத்தில். கீழறைகள் தாளம் தவறித் துடிதுடிக்க, ரத்தம் வெளியேறாது. தாய்லாந்திலும் பிலிப்பீன்சிலும் பேய்க்கணக்கில் எழுதப்பட்ட இரவுச் சாவுகள் பலவற்றுக்கு இதுவே காரணம். இது குடும்பவழி வரக்கூடியது.

'ஈசிஜி எடுத்தாச்சு, ஒன்றுமில்லை' என்பதும் போதாது. ஈசிஜியின் வி1, வி2 பதிவுகளில் தெரியும் இந்நோயின் அடையாளம் இன்று மறைந்து, நாளை காய்ச்சலில் வெளிப்படலாம். அதனால் மின்முனைகளை மேல் விலா இடைவெளியில் வைத்தும் பார்ப்பார்கள். சந்தேகம் நீடித்தால் மருத்துவமனைக் கண்காணிப்பில் அஜ்மலின் போன்ற மருந்தைச் செலுத்திச் சோதிப்பார்கள். இந்நோயோடு தொடர்புடைய எஸ்சிஎன்5ஏ மரபணுப் பிறழ்வு பெரும்பாலான நோயாளிகளிடம் தென்படாது. ஆகவே அது இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது.

இப்படி இறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளை ஈப்போவில் இதய நிபுணரிடம் காட்டுங்கள். முனிக்குப் படையல் உங்கள் விருப்பம், ஈசிஜியைத் தள்ளிப்போடாதீர்கள்.