ஓடிப்போகிறவன் யாரு?

இந்தோனேசியாவில் இளவட்டங்களுக்கு நாட்டுப்பற்றே போச்சு என்று பெரியவர்கள் புலம்பித் தீர்த்துவிட்டார்கள் நண்பர்களே. காரணம், 2025 பிப்ரவரியில் இணையத்தில் பரவிய ஒரு வாசகம்: 'கபூர் அஜா துலு'. நம்ம தமிழில், 'முதல்ல ஓடிப்போயிடு'. உள்ளூரில் வேலை இல்லை, இருந்தாலும் சம்பளம் பத்தவில்லை. எந்த நாட்டுக்குப் போகலாம், விசா எப்படி வாங்கலாம் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

அப்போது தொழிலாளர் துறைத் துணை அமைச்சராக இருந்த இம்மானுவேல் எபனேசருக்குக் கோபம் வந்துவிட்டது. போகிறவர்கள் போகட்டும், திரும்பி வரவே வேண்டாம் என்கிற மாதிரி பேசினார். (அதே ஆகஸ்டில், பணம் பறித்ததாக ஒரு வழக்கில் ஊழல் ஒழிப்பு ஆணையம் அவரைப் பிடித்தது. பதவியும் போனது. அது தனிக் கதை!)

எனக்கு இடிப்பது வேறு. கிழக்கு ஜாவா கிராமத்துப் பெண் ஹாங்காங்குக்கு வீட்டுவேலைக்குப் போனால் அதிகாரிகள் அவளை 'பஹ்லவான் தெவிசா' என்று புகழ்வார்கள். அந்நியச் செலாவணி ஈட்டும் வீராங்கனை என்று அர்த்தம். (நம்ம பயில்வானும் அந்தப் பஹ்லவானும் ஒரே பாரசீகச் சொல்தான்.) ஜகார்த்தாவில் பட்டம் வாங்கிய பையன் ஜெர்மனிக்குப் போகிறேன் என்றால் மட்டும் நன்றி கெட்டவனாம். காமர்ஸ் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. இரண்டு பேரும் அனுப்பப்போவது பணம்தானே? அவள் வாயைத் திறக்காமல் போனாள். இவன் ஏன் போகிறேன் என்று ஊரறியச் சொல்கிறான். பெரியவர்களுக்குச் சுடுவது அதுதான் என்பது என் கட்சி.

வீட்டுக்குள்ளும் இதே கதை. பெற்றவர்களையும் தாங்கி, தன் பிள்ளைகளையும் தாங்குகிறவர்களுக்கு அங்கே 'சாண்ட்விச் தலைமுறை' என்று பெயர். அந்தப் பாரத்தை வெளியே சொல்வதே குற்றம் என்றிருந்த இடத்தில் இப்போது பேசுகிறார்கள்.

ஊரைவிட்டுப் போவது அவர்களுக்குப் புதுசா என்ன? மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் பூர்வீகச் சொத்து பெண்வழியில் போகும். ஆண்பிள்ளை வெளியூர் போய்ப் பிழைக்கப் பழகவேண்டும். அதற்கு 'மெரந்தாவ்' என்று பெயரே இருக்கிறது. அந்த இனத்தில் பிறந்த முகமது ஹத்தா 1921-ல் ரோட்டர்டாம் போய் வணிகக் கல்லூரியில் சேர்ந்தார் (நம்ம குரூப்!). திரும்பியது 1932-ல். 1945-ல் சுகர்னோவோடு சேர்ந்து சுதந்திரத்தை அறிவித்ததும் அவரேதான். 11 வருஷம் வெளியே இருந்தவரை இன்றைக்கு யாராவது ஓடுகாலி என்பார்களா?

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கும் காசு வேண்டும். மொழித் தேர்வு, டிக்கெட், கையிருப்பு... எல்லாராலும் முடியாது. ஊரிலேயே இருந்தவர்கள் அந்த ஆகஸ்டில் தெருவில் இறங்கினார்கள். எம்.பி.க்களுக்கு வீட்டுப்படி மட்டும் மாதம் 5 கோடி ரூபியா என்று தெரியவந்திருந்தது. ஜகார்த்தாவின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய 9 மடங்கு! 28-ம் தேதி இரவு போலீஸ் கவச வண்டி மோதி ஒரு பைக் டாக்ஸி ஓட்டுநர் இறந்தார். செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தப் படியை ரத்து செய்தார்கள்.

அவருக்கு வயசு 21. எங்கேயும் ஓடாமல் உள்ளூரிலேயே பிழைக்கப் பார்த்தவர்.