உண்டியல் பணம் எங்கே உழைக்கிறது?

திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2022 நவம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, வங்கிகளில் அதன் வைப்புத்தொகை சுமார் ரூ.15,938 கோடி. உபரி நிதியை ஆந்திர அரசின் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யப் போவதாக எழுந்த புகாரையும் தேவஸ்தானம் அப்போது மறுத்தது. காணிக்கைப் பணம் மாநில அரசின் பற்றாக்குறையை நிரப்பப் போய்விடக் கூடாது என்ற பக்தர்களின் அச்சம் நியாயமானதே.

ஆனால், வங்கியில் சேரும் பணம் யாருக்குக் கடனாகிறது என்று எவரும் கேட்பதில்லை. அது சூரிய மின் நிலையத்துக்கும் போகலாம். அனல் மின் நிலையத்துக்கும் போகலாம்.

மாற்று வழி தில்லியிலேயே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கலான பட்ஜெட்டில் பசுமைப் பத்திரங்கள் அறிவிக்கப்பட்டன. 2023 ஜனவரி, பிப்ரவரியில் ரூ.16,000 கோடிக்கு மத்திய அரசு அவற்றை வெளியிட்டது. அந்த நிதியை நிலக்கரி, அணுமின் திட்டங்களுக்குச் செலவிட விதிமுறையில் இடமில்லை.

இதுவும் அரசுக்குக் கொடுக்கும் கடன்தானே எனலாம். உண்மைதான், ஆனால், செலவின் நோக்கம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. வட்டி சற்றுக் குறைந்தாலும் முதலுக்கு மத்திய அரசே பொறுப்பு.

சித்தூர் மாவட்ட நிலக்கடலை விவசாயிகள் வறட்சியின் கொடுமையை நன்கறிந்தவர்கள். அவர்களின் காணிக்கையும் அந்த உண்டியலில் இருக்கிறது. எனவே, வைப்பில் சிறு பங்கையேனும் பசுமைப் பத்திரங்களுக்கு ஒதுக்குவது குறித்து அறங்காவலர் குழு பரிசீலிக்க வேண்டும். அடுத்த வெள்ளை அறிக்கையில் 'எவ்வளவு' என்பதோடு 'எதற்கு' என்பதும் இடம்பெறட்டும்.