மாடத்தில் இருந்த மாத்திரை

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கு இது ஐந்தாவது மாதம். ஆர்ச் கேட்டுக்கு அப்பால், முந்திரித் தோப்பு ஓரத்துக் கிராமம். புருஷன் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. அன்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், தலை சுற்றுகிறது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருப்பார்களே, சாப்பிடுகிறாயா?" என்று கேட்டேன்.

"கொடுத்தாங்கம்மா. சாமி மாடத்துல பத்திரமா வெச்சிருக்கேன்."

பத்திரமாகத்தான் இருக்கிறது, வயிற்றுக்குள் போகவில்லை! போட்டால் குமட்டுகிறதாம், வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம். போதாக்குறைக்கு மாமியார், "பிள்ளை பெரிசா வளர்ந்து பிரசவம் கஷ்டமாயிடும்" என்று பயமுறுத்தியிருக்கிறாள்.

அந்த மாத்திரைக்கு ஒரு கதை உண்டு, சகோதரிகளே. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான சோகையால் வாடுவதைக் கண்டார். நம் குன்னூரிலும் தங்கி ஆராய்ச்சி செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை தீருகிறது என்று 1931-ல் எழுதினார். அதிலிருந்த சத்து எதுவென்று அப்போது தெரியாது. 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு 'ஃபோலிக் அமிலம்' என்று பெயர் வைத்தார்கள்.

"கீரைதானே! நாங்கள் சாப்பிடாததா?" என்பீர்கள். வெகுநேரம் வேகவைத்தால் இந்தச் சத்தில் பெரும்பகுதி அழிந்துவிடும். வெந்த நீரை வடித்துக் கொட்டினால் அதோடும் போய்விடும். ஆகவே கர்ப்பிணிக்குக் கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

இன்னொரு விஷயம், நம் வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான சுமார் 28 நாட்களில் மூடிக்கொள்கிறது. அப்போது பலருக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது! அது சரியாக மூடாவிட்டால் குழந்தை ஊனத்தோடு பிறக்கலாம், பிழைக்காமலும் போகலாம். அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்ததில், மறுபடியும் அவ்வாறு நேர்வது 72 சதவீதம் குறைந்ததாக 1991-ல் ஓர் ஆராய்ச்சி காட்டியது. அதனால்தான் கர்ப்பம் தரிக்குமுன்பே தொடங்கி முதல் மூன்று மாதம் தினம் 400 மைக்ரோகிராம் சாப்பிடச் சொல்கிறார்கள். நாலாம் மாதத்திலிருந்து இரும்புச் சத்து 60 மில்லிகிராமும் ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராமும் சேர்ந்த மாத்திரை, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம்.

அவளிடம் சொன்னேன்: கறுப்பாகப் போவது இரும்பினால்; பயமில்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். பிரசவத்தைக் கஷ்டமாக்குவது மாத்திரை அல்ல, சோகைதான். டீ, காப்பியோடு மட்டும் விழுங்கக் கூடாது. இரும்பு உடம்பில் ஒட்டாது.

மறுநாள் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மாமியாரையும் கூடவே அழைத்துப் போகச் சொன்னேன். நர்சம்மா சொன்னதைக் கேட்ட பிறகு, இப்போது ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுப்பவளே அந்த மாமியார்தானாம்!

மாத்திரை மாடம் வரை வந்துவிட்டது. அங்கிருந்து வாய்க்குப் போக, யாராவது ஒருத்தி "சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வருகிறவளை நீங்கள் கேட்டீர்களா?