வெண்மை மயக்கமும் செவிட்டுக் குட்டிகளும்

'தமிழ்நாட்டு நாய்' என்பது இன்று விலைபோகும் பெயராகி விட்டது. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இராசபாளையம் நாயும் இடம்பெற்றது. 2020ஆம் ஆண்டில் இந்தியத் தலைமையமைச்சர் தம் வானொலியுரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எனப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். நம் மண்ணின் அருமையைப் பிறர் வாயாற் கேட்டாலன்றி நாமே உணர்வதில்லை என்பது பழைய நோய். அதனைப் பேச ஈண்டு எழுதுகோல் எடுத்தோமில்லை. அப்பெயர் சொல்லி விற்கப்படும் குட்டிக்குக் காது கேட்குமா என வினவுவார் இல்லையே என்பதே நம் கவலை.

இராசபாளையம் நாய்க்கு இலக்கணம் என்று சொல்லப்படுபவை பாலொத்த வெண்ணிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். இவ்விலக்கணத்திற்கு மாறாகப் புள்ளியோடோ செவலையாகவோ பிறந்த குட்டிகளை, கண் திறக்குமுன்பே கொன்றுவிடும் வழக்கம் வளர்ப்போர் பலரிடை முன்பு இருந்தது. வெண்மைக்குக் கொடுத்த காவு அது. அக்காவிற்கு இயற்கை வாங்கிய விலையோ பெரிது. உட்செவியில் நத்தைக்கூடுபோற் சுருண்டு கிடக்கும் உறுப்பின் சுவரில் நிறமி உயிரணுக்கள் இருந்தாக வேண்டும். தோலுக்கு நிறந்தரும் அதே வகை உயிரணுக்கள்தாம் அங்கும் வேலை செய்கின்றன. வெண்மையை மிகுவிக்கும் மரபணுக்களால் அவை உட்செவியை எட்டாது போமாயின், அச்சுவர் நலிந்து, ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் மடிந்துபோகின்றன. பிறந்த மூன்று நான்கு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். பின்னர் எம்மருந்தாலும் மீட்க இயலாது. இராசபாளையம் குட்டிகளிடைப் பிறவிச் செவிடு மிகுதியாகக் காணப்படுவதன் அடிப்படை இதுவே.

இரு செவியும் கேளாத குட்டியை ஒருவாறு கண்டுகொள்ளலாம். உறங்கும்போது கைதட்டினால் விழிக்காது. அதுவும் எளிதன்று, உடன்பிறந்தவை ஓடும்போது தானும் ஓடி, நிலத்ததிர்வு உணர்ந்து திரும்பிக் கேட்பதுபோற் காட்டிவிடும். கொடியது ஒருசெவிச் செவிடே. ஒரு காது மட்டும் கேட்கும் நாய் கூப்பிட்டால் வரும், குரைக்கும், காவல் காக்கும். ஒலி எத்திசையினின்று வந்ததென்று அறிவதில் மட்டுமே சற்றுத் தடுமாறும். அதனை நலமான நாயென்றே நம்பி இனப்பெருக்கத்திற்கு விடுவர். அதன் வழி அக்குறை அடுத்த தலைமுறைக்குச் செல்லும். கண்ணாற் பார்த்துக் காணவியலாத இக்குறையைக் காண ஆய்வுக் கருவி ஒன்றே வழி.

வெள்ளுடலிற் கரும்புள்ளி கொண்ட தால்மேசிய நாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அவ்வினத்தை ஆய்ந்தபோது, நூற்றுக்கு 8 நாய்கள் இரு செவியும் கேளாதனவாகவும், 22 நாய்கள் ஒரு செவி கேளாதனவாகவும் இருந்தன. பிறக்கும்போதே பெருந்திட்டு நிறத்தோடு பிறக்கும் தால்மேசியக் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. ஆயின் அத்திட்டுடைய நாய்களையே அழகுப் போட்டிக்குத் தகாதனவென்று தள்ளினர்! கேட்கும் செவியைத் தள்ளிக் கேளாச் செவியைப் போற்றும் மடமை வெள்ளையர் நாட்டிலும் உண்டென்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

'தூய்மை பேசும் நீவிரா நாயிற் கலப்பு வேண்டுகின்றீர்?' என நகைப்பார் இருக்கலாம். மொழித்தூய்மையாவது, தன் வேரினின்று புதுச்சொற்களை ஈன்று தழைத்தல். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அதன் உடன்பிறப்புகளைக் கொன்றொழித்தல் அன்று. வழக்கிழந்த சொற்களையெல்லாம் தேடித்தேடி மீட்பவர் நாம். ஒரு தாய் வயிற்றில் ஓரீற்றிற் பிறந்த புள்ளிக் குட்டி அயற்குருதியா? பிறப்பால் தூய்மை பேசும் கொடுமையை மாந்தரிடை ஒழிக்கப் பாடுபடும் நாம், அதே பித்தை ஒரு வாயில்லா உயிரின் மேல் ஏற்றலாகாது. தாயை மகனோடும் உடன்பிறந்தவற்றைத் தம்முள்ளும் கூட்டி 'நிறங்கெடாமல்' காப்போர் மறைந்துகிடக்கும் குறைகளை இருமடியாக்கி வெளிக்கொணர்கின்றனர். இத்தகைய கூட்டத்திற் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்யோமெனப் பிரித்தானிய நாய்வளர்ப்போர் கழகம் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

செவியாய்வு கடினமானதன்று. குட்டியின் தலைத்தோலில் மெல்லிய ஊசிமுனைகளைப் பொருத்தி, காதிற் சொடுக்கொலி செலுத்தி, மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வர். பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் ஆய்வும் இவ்வகையினதே. ஒவ்வொரு காதையும் தனித்தனியே அறியலாம். ஐந்தாறு கிழமைக் குட்டிக்கே செய்யலாம். எட்டுக் கிழமை நிரம்பாக் குட்டியை விற்றலாகாதென்றும், 18 திங்கள் நிரம்பாப் பெண்நாயைக் கருவுறுவித்தல் ஆகாதென்றும் 2017ஆம் ஆண்டின் நடுவணரசு விதிகள் கூறுகின்றன. ஆகவே விற்பதற்கு முன் ஆய்வு செய்யக் காலம் போதிய அளவு உண்டு.

தமிழ்நாட்டு அரசுக்கு நம் வேண்டுகை இது: இராசபாளையம் நாய்க்கு இனப்பெருக்க உரிமம் தருமுன், தாய் தந்தை இரண்டன் செவியாய்வுச் சான்றையும் கேட்டுப் பெறுக. திருநெல்வேலியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆண்டுக்கு இருமுறையேனும் இராசபாளையத்தில் இலவயச் செவியாய்வு முகாம் நடத்துக. ஒரு செவியோ இரு செவியோ கேளாத நாயைக் கொல்லவும் வேண்டா, தெருவில் விடவும் வேண்டா. கருத்தடை செய்து, கைக்குறியாற் பழக்கி வளர்க்கலாம்.

குட்டி வாங்கச் செல்லும் நம் அன்பர் மூக்கின் நிறம் பார்ப்பதை விடுத்து, ஆய்வுத்தாளைக் கேட்க. தாளில்லையெனின் விலை பேசாது திரும்புக.