நீளக் குழல், குட்டை ஆயுள்

சில பேர் ஸ்டாம்ப் சேர்ப்பார்கள். சில பேர் பழைய காசு சேர்ப்பார்கள். கடன் சேர்ப்பவர்களும் உண்டு. எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஒருவர் சோவியத் பீரங்கி சேர்க்கிறார். உடனே போலீசுக்குப் போன் போடாதீர்கள். எல்லாம் கட்டைவிரல் நீளம்தான்.

ஸ்வெஸ்தா என்று ஒரு ரஷ்யக் கம்பெனி. இரண்டாம் உலகப் போர்ச் சாமான்களை 1க்கு 72 என்ற அளவில் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறது. அதாவது நிஜத்தில் 72 அங்குலம் என்றால் பொம்மையில் 1 அங்குலம். துண்டு துண்டாக நறுக்கி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டியது நம் பொறுப்பு. இரண்டு சக்கரம், ஒரு குழல், முன்னால் ஒரு தகடு, சுற்றிலும் சில ஆட்கள். இதுதான் 45 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, 1937 மாடல்.

ஷோகேஸில் வைக்க மட்டுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் பச்சைத் துணி விரியும். அடியில் செருகிய பழைய டைரக்டரிகள் மலையாகும். அப்பா ரஷ்யா, காலேஜ் படிக்கும் பையன் ஜெர்மனி. அங்குல டேப்பால் தூரத்தை அளந்து, தாயம் உருட்டிச் சண்டை.

"சூதாட்டமா சார்?" என்றேன்.

"காசே கிடையாது தம்பி. மூளைதான் முதலீடு."

என்னை ஏன் இதுவரை ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை என்பது புரிந்தது.

போன நவராத்திரிக்கு அவர் வீட்டம்மா இதில் ஒன்றை எடுத்துக் கொலுவில் வைத்துவிட்டார். கீழ்ப்படியில், செட்டியார் மளிகைக் கடைக்கு நேர் எதிரே. பார்க்க வந்த பாட்டி ஒருத்தி, "கரும்பு ஜூஸ் வண்டி ரொம்ப நல்லா இருக்குடி" என்று சொல்லி, சுண்டலையும் வாங்கிக்கொண்டு போனாராம். பீரங்கி என்று தெரிந்ததும் வீட்டம்மா குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். செட்டியார் பிழைத்தார்.

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வருவோம். டாங்கிக்கு இன்ஜின் இருக்கிறது, ஓடிவிடலாம். விமானத்துக்கு இறக்கை இருக்கிறது, பறந்துவிடலாம். இந்தப் பீரங்கியை நகர்த்த லாரியோ குதிரையோ வேண்டும். சண்டை நடுவில் இரண்டுமே வராது. 560 கிலோவை ஆட்கள்தான் தள்ள வேண்டும். அதனால் ஒரே வழி, பதுங்கிக் காத்திருப்பது. டாங்கி கிட்டே வந்து பக்கவாட்டைக் காட்டும்வரை மூச்சுவிடாமல் இருந்துவிட்டுச் சுட வேண்டும். சுட்ட மறு நிமிஷம் இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மேஜை ஆட்டத்திலும் பெரும்பாலும் இதே ரூல்தான்.

1942 ஜூலையில் ஸ்டாலின் ஒரு உத்தரவு போட்டார். இந்தப் பீரங்கிக்காரர்களுக்குக் கைச்சட்டையில் தனி பேட்ஜ், கூடுதல் சம்பளம், ஒரு டாங்கியை அடித்தால் சுட்டவருக்கு 500 ரூபிள் போனஸ், மற்றவர்களுக்கு ஆளுக்கு 200. பி.காம் படித்தவனுக்கு இது புதிதில்லை. இன்சென்டிவ் ஸ்கீம்! ஆனால் அந்தச் சிப்பாய்கள் என்னைவிட நன்றாகக் கணக்குப் படித்தவர்கள். 'இரட்டைச் சம்பளம், மூன்று மடங்கு சாவு' என்றார்கள். 'நீளக் குழல், குட்டை ஆயுள்' என்றார்கள். 45 மில்லிமீட்டருக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர், 'போய் வருகிறேன், தாய்நாடே'.

கணக்கு இன்னொரு இடத்திலும் இடித்தது. இதைவிடச் சக்தி வாய்ந்த 57 மில்லிமீட்டர் பீரங்கி 1941லேயே தயார். குழல் நீளம், செய்யச் செலவு அதிகம், அன்றைய ஜெர்மன் டாங்கிகளுக்கு இவ்வளவு எதற்கு என்று அந்த வருஷக் கடைசியிலேயே நிறுத்திவிட்டார்கள். டைகர் டாங்கி வந்த பிறகு 1943ல் மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் அந்த மிச்சத்துக்கு வட்டி கட்டியது யார்? சின்னப் பீரங்கியோடு டைகருக்கு முன்னால் நின்றவன்.

நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. 1965 செப்டம்பரில் கேம்கரண் பக்கம், ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு பாகிஸ்தான் டாங்கிகளை அடித்து நொறுக்கி, அங்கேயே உயிரை விட்டார் அப்துல் ஹமீத். பரம்வீர் சக்ரா கொடுத்தோம். 2000ல் ஸ்டாம்பும் போட்டோம். அதில் அவர் முகத்தோடு அந்த ஜீப்பும் இருக்கிறது. விலை 3 ரூபாய்.

இந்த விளையாட்டைப் பிரபலமாக்கிய புத்தகம் ஒன்றை எழுதியவர் எச்.ஜி.வெல்ஸ், 1913ல். தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சி சுட்டு விளையாடினார். இதை நாலு தரம் ஆடினால் நிஜ யுத்தம் எவ்வளவு பெரிய அபத்தம் என்று புரியும் என்பது அவர் கட்சி. யாரும் ஆடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷமே முதல் உலகப் போர். அதில் செத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்குத்தான் நம்ம பீச் ரோட்டில் நினைவுச்சின்னம் நிற்கிறது. அது எழுந்தது 1938ல். அடுத்த வருஷம்? இரண்டாவது யுத்தம்!

நம்ம சாருடைய தாத்தாவும் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தோடு இந்தோசீனா வரை போய்த் திரும்பியவர். "சண்டையைப் பத்திக் கேட்டா வாயே திறக்க மாட்டார் தம்பி. பென்ஷன் வர்ற அன்னிக்கு மட்டும் கூட இருந்தவங்க பேரை ஒண்ணொண்ணா சொல்லுவார். பீரங்கி பேர் ஒண்ணுகூட சொன்னதில்லே."

அதனால்தானோ என்னவோ, பீரங்கிக்கு அவர் அடிப்பது அரைமணி நேரப் பச்சை பெயின்ட். ஆட்களுக்கு மூன்று ராத்திரி. பூதக்கண்ணாடி வைத்து, ஒற்றை முடி பிரஷ்ஷால் கண், மீசை எல்லாம் வரைகிறார். ஆட்டத்தில் செத்த ஆட்கள் ஒரு டிபன் பாக்ஸுக்குப் போகிறார்கள். மூடியைத் திறந்தால் அடுத்த ஞாயிறு எல்லாரும் ஆஜர். நிஜத்தில் அந்த டிபன் பாக்ஸ் கிடையாது. விளையாட்டுக்கும் யுத்தத்துக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பையன் பொம்மைப் பீரங்கி கேட்டால் திட்டாதீர்கள். வாங்கிக் கொடுங்கள். ஆனால் கூடவே அதைத் தள்ளும் ஆட்களையும் சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் வைக்கச் சொல்லுங்கள்.